வெட்டிய வீதியும் மூடிய பொறுப்பும்

ஒரு பொருளைச் சேதப்படுத்தியவன் அதனைத் திருத்திக் கொடுத்துவிட்டால் அவனுடைய கடமை முடிந்துவிடுகின்றதா? வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்ததும் கடன் தீர்வதுபோல, உடைத்ததை ஒட்டிக் கொடுத்ததும் பொறுப்புத் தீர்கின்றதா? அறநூல்கள் பேசும் பெருங்குற்றங்களைக் குறித்து நாம் இக்கேள்வியை எழுப்பவில்லை. நாள்தோறும் நாம் நடந்து செல்லும் வீதியைக் குறித்தே எழுப்புகின்றோம். நீர்க்குழாய் பதிப்பதற்கும், தொலைபேசி வடம் இடுவதற்கும், கழிவுநீர் செல்ல வழி செய்வதற்கும் வீதியை வெட்டுகின்றோம். வேலை முடிந்ததும் மூடுகின்றோம். மூடியதோடு விடயம் முடிந்தது என்று கருதுகின்றோம். அவ்வாறு கருதுவது நியாயமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எமது கல்லூரிக்குச் செல்லும் வீதி பல்லாண்டு காலம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. மக்கள் மனுக் கொடுத்தனர். தேர்தல் தோறும் வாக்குறுதி பெற்றனர். ஈற்றில் ஒருநாள் அது காபெற் வீதியாயிற்று. துவிச்சக்கரவண்டியில் வரும் மாணவர்கள் முதன்முறையாக உடையிற் சேறு படாமல் வகுப்புக்கு வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டே நீர்க்குழாய் பதிப்பதற்காக அவ்வீதியின் ஓரமாக நெடுகிலும் அகழி வெட்டப்பட்டது. சில மாதங்கள் கழித்து, படலைக்குப் படலை இணைப்புக் கொடுப்பதற்காகக் குறுக்கே பல வெட்டுக்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் மண்ணிட்டு மூடப்பட்டு, மேலே சல்லியும் தாரும் இட்டு மட்டமாக்கப்பட்டது. மாரி வந்தது. மூடிய இடங்கள் ஓரங்குலம், ஈரங்குலமெனத் தாழ்ந்தன. அதற்கடுத்த மாரியில், வெட்டப்படாத பகுதியும் வற்றிய குளத்தின் அடிநிலம்போல வெடித்துக் கிடந்தது.

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், றோட்டை வெட்டினவை மூடிப்போட்டுத்தானே போனவை. பிறகு ஆரிலை பிழை?" நாம் உடனே மறுமொழி கூற இயலவில்லை. குழாய் பதித்தோரைக் கேட்டால், வெட்டியதை நிரப்பிவிட்டோம் என்பர். வீதிக்குப் பொறுப்பானோரைக் கேட்டால், நாம் வெட்டவில்லை என்பர். ஒப்பந்தகாரர், ஒப்பந்தத்தில் உள்ளபடி செய்தேன் என்பார். அகழி தோண்டிய தொழிலாளி, சொன்னதைச் செய்தேன் என்பான். ஒவ்வொருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அவ்வுண்மைகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தாலும் பாழான வீதிக்குப் பொறுப்பாளி ஒருவரும் அகப்படுவதில்லை. ஆதலின், முதலில் வீதிக்கு நேர்ந்தது யாதென ஆராய்வோம். பின்னர் பொறுப்பைப் பற்றிப் பேசுவோம்.

மாங்குடி மருதனார் தமது மதுரைக்காஞ்சியில் மதுரையின் அகன்ற நெடுந்தெருவை ஓர் ஆறு கிடப்பதற்கு ஒப்பிட்டார். இடையறாது செல்லும் மக்கட் பெருக்கை எண்ணும்போது அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். ஆயினும், ஒன்றில் வீதி ஆற்றினின்றும் வேறுபட்டது. நீரடித்து நீர் விலகாது என்பர். ஆற்றைக் கிழித்துச் செல்லும் தோணியின் பின்னே நீர் கூடிவிடுகின்றது. அங்கே வடு எஞ்சுவதில்லை. வீதியை நாம் அவ்வாறே கருதி நடக்கின்றோம். வெட்டிய இடத்தில் மண்ணை மீண்டும் போட்டால் அது பழையபடி கூடிவிடும் என்று நம்புகின்றோம். வீதியின் இயல்பு அதுவன்று.

காபெற் என்ற பெயர், வீதியானது நிலத்தின்மேல் விரித்த ஒரு விரிப்பு என்னும் எண்ணத்தைத் தருகின்றது. உண்மையில் அது பல படைகளாலாகிய ஓர் அமைப்பு. அடியிலே இறுக்கப்பட்ட இயற்கை மண், அதன்மேல் கிரவல், அதன்மேல் உடைத்த கருங்கல், எல்லாவற்றுக்கும் மேலே தாரும் சல்லியும் கலந்த மேற்படை. லொறியொன்றின் சில்லு, ஒரு கொப்பியளவேயான இடத்தில் தன் பாரத்தை ஊன்றுகின்றது. அப்பாரத்தை ஒவ்வொரு படையும் அகலப் பரப்பிக் கீழுள்ள படையிடம் ஒப்படைக்கின்றது. ஈற்றில் மண்ணை அடையும்போது, மண் தாங்கக்கூடிய அளவுக்கு அது குறைந்துவிடுகின்றது. மேற்படைக்கு இன்னுமொரு பணி உண்டு: மழைநீர் உள்ளே இறங்காமற் காப்பது. இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத வேறொரு தாங்குதலும் அங்கே உண்டு. ஓரிடத்து மண், பக்கத்து மண்ணால் நெருக்கப்பட்டு, அந்நெருக்கத்தினாலேயே உறுதி பெற்று நிற்கின்றது.

அகழி வெட்டும்போது வெளியே எடுக்கப்பட்ட மண்ணை நாம் காண்கின்றோம். எடுக்கப்படாத மண்ணுக்கு நேர்வதைக் காண்பதில்லை. பக்கத்துணை நீங்கியதும், அகழியின் இருமருங்கிலுமுள்ள மண் வெறுமையை நோக்கித் தளர்கின்றது. சில இடங்களில் இடிந்து விழுகின்றது. சில இடங்களில் விழாமலே தளர்ந்து நிற்கின்றது. அதன்மேலுள்ள தார்ப்படை முழுமையாகத் தோன்றினும், அதன் அடித்தளம் முன்னைய உறுதியை இழந்துவிடுகின்றது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, இத்தளர்வு அகழியின் விளிம்பிலிருந்து இரண்டு முதல் மூன்று அடி வரை பரவுவதாகக் கூறுகின்றது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டடி அகலத்தில் வெட்டுகின்றோம். இருபுறமும் மும்மூன்று அடி தளர்ந்தால், சேதமடைந்த அகலம் எட்டடியாகும். பத்தடி அகலமுள்ள ஓர் ஒழுங்கையின் நடுவே அவ்வாறு வெட்டினால் எஞ்சுவது யாது? நாமோ இரண்டடிக்கு மாத்திரம் மண்ணிட்டு, முழுவதையும் திருத்திவிட்டதாகக் கணக்கு எழுதுகின்றோம்.

நிரப்புவதிலும் கவனிக்கவேண்டியவை உள. மண்ணை மெல்லிய படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் இறுக்கிய பின்னரே அடுத்ததை இடவேண்டும். அகழி முழுவதையும் ஒரேயடியாக நிரப்பி மேலே திமிசு போட்டால், மேற்பகுதி இறுகும். அடிப்பகுதி தளர்ந்தபடியே கிடக்கும். மேற்கூறிய அயோவா ஆய்வாளர் களத்திற் கண்ட குறைகளுள் தடித்த படைகளாக நிரப்புவதும் ஒன்று. ஈரத்தின் அளவைக் கவனியாமை மற்றொன்று. சிறிதளவு ஈரமுள்ள மணல் பொங்கி நிற்கும் என்பதைக் கட்டட வேலை செய்வோர் அறிவர்; அளவுப் பெட்டியில் அது கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்ளும். துணிக்கைகளுக்கிடையேயுள்ள சிறிதளவு நீர் அவற்றை நெருங்கவிடாது பிடித்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். இவ்வாறு பொங்கிய மணலால் அகழியை நிரப்பினால் அன்று அது நிறைந்து காணப்படும். மழைநீர் இறங்கி மணல் முற்றாக நனைந்ததும் அப்பிடிப்பு நீங்கி மணல் தாழும். வேலை முடிந்ததைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்டவர் கண்டது பொங்கிய மணலின் தோற்றத்தையே.

இனி, பழைய தார்ப்படையும் புதிய தார்ப்படையும் சந்திக்கும் கோட்டை நோக்குவோம். அது எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் ஒரு பொருத்து. பொருத்தின் வழியே நீர் இறங்கும். நீர் இறங்கிய மண் மென்மையடையும். மென்மையடைந்த மண்ணின்மேல் பாரவண்டி செல்லும்போது மேற்படை வளையும். பலமுறை வளைந்தது வெடிக்கும். வெடிப்பின் வழியே மேலும் நீர் இறங்கும். அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்தப்பெற்ற பெரும் வீதிப் பரிசோதனையிலிருந்து பெறப்பட்ட முடிவொன்று இங்கே நினைவுகூரத்தக்கது. வண்டியின் அச்சுப் பாரம் இருமடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகின்றது. துவிச்சக்கரவண்டியில் வரும் எமது மாணவன் வீதிக்குச் செய்யும் சேதம் இல்லையென்றே கூறலாம். பள்ளத்தில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொள்பவனோ அவன்தான்.

மேற்கூறியவை யாவும் ஒரு வெட்டைப் பற்றியன. பல வெட்டுக்கள் சேரும்போது நேர்வதைச் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் அனுபவம் காட்டுகின்றது. அந்நகரின் வீதிகளைச் சான் பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றிலும் குறைவான வெட்டுக்கள் உள்ள வீதிப் பகுதி, மீண்டும் மேற்படை இடவேண்டிய நிலையை அடைவதற்கு 26 ஆண்டுகள் செல்லும். மூன்று முதல் ஒன்பது வரை வெட்டுக்கள் உள்ள பகுதி 18 ஆண்டுகளில் அந்நிலையை அடையும். ஒன்பதுக்கு மேற்பட்ட வெட்டுக்கள் உள்ள பகுதிக்கு 13 ஆண்டுகளே ஆயுள். அதாவது, வெட்டுப் பெருகப் பெருக வீதியின் வாழ்நாள் பாதியாகின்றது. வெட்டிய ஒவ்வொருவரும் மூடிவிட்டே சென்றனர் என்பதை மறத்தலாகாது.

இதற்கோர் எதிர்வாதம் உண்டு. அதிகம் வெட்டப்படும் வீதிகள் பெரும்பாலும் நகரின் நடுவிலுள்ள பழைய வீதிகள். அங்கே போக்குவரத்தும் மிகுதி. அவை விரைவாகக் கெடுவதற்கு வயதும் பாரமும் காரணமாக இருத்தல்கூடும். பழியை வெட்டின்மேல் மட்டும் சுமத்துதல் தகுமா என்று வினவலாம். வினா நியாயமானதே. ஓர் ஊரின் கணக்கை அப்படியே மற்றோர் ஊருக்குப் பொருத்துதலும் ஆகாது. ஆனால், இவ்வெதிர்வாதம் சேதத்தின் அளவைக் குறைத்துக் காட்டவே உதவும். சேதமே இல்லையென்று நிறுவ உதவாது. பக்க மண் தளர்வதும், நிரப்பு தாழ்வதும், பொருத்தின் வழி நீர் இறங்குவதும் தனித்தனியே கண்டறியப்பட்ட உண்மைகள். வேறு நோய்களும் உடையவன் என்பதனால் அவனுக்கு நேர்ந்த காயம் காயமல்லாமற் போய்விடுமா?

இவ்விடத்திலேதான் எமது அறக்கேள்வி உருவெடுக்கின்றது. பதினான்கு வெட்டுக்களால் ஒரு வீதி தன் வாழ்நாளிற் பாதியை இழந்தது எனக் கொள்வோம். அவற்றுள் எந்த வெட்டு அதனைக் கெடுத்தது? எந்த ஒன்றையும் சுட்டிக் கூறல் இயலாது. ஒவ்வொன்றும் சிறியது, ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. மயிலிறகேயாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவரின் கருத்தை நாம் அறிவோம். வள்ளுவர் கூறிய வண்டியிலாவது இறகுகளை ஏற்றுபவன் ஒருவன் இருக்கின்றான். அவனை நோக்கி "போதும்" என்று சொல்லலாம். வீதியில், இறகை ஏற்றுவோர் பலர். ஒருவர் ஏற்றியதை மற்றவர் அறியார். தன் இறகின் பாரத்தை மட்டும் நிறுத்துப் பார்த்துத் தான் குற்றமற்றவன் என ஒவ்வொருவரும் அமைதி கொள்கின்றனர். தனி மனிதனின் செயலை மட்டும் அளக்கும் ஒழுக்கக்கோல், இத்தகைய தீங்கை அளக்கப் போதாதது.

அவ்வாறாயின், வீதியை வெட்டவே கூடாதென விதித்துவிடலாமா? இவ்வெண்ணம் எமக்கும் தோன்றியதுண்டு. எமது வீதியின் கிளை ஒழுங்கையில் வாழும் முதிய பெண்ணொருவருடன் உரையாடும் வரை அது எம்மிடம் இருந்தது. வெட்டினால் வீதி பாழாயிற்றே என்று நாம் கூறியபோது அவர், "றோட்டுப் பள்ளமெண்டால் விலத்தி நடக்கலாம் தம்பி. குடிக்கத் தண்ணி இல்லாமல் எத்தினை காலம் இருக்கிறது?" என்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணக்கற் பாறையினூடே தேங்கும் நிலத்தடி நீரையே மக்கள் நம்பி வாழ்ந்தனர். அந்நீரில் உரத்தினாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்றுச் சேர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நிலையிற் குழாய்நீர் ஓர் ஆடம்பரமன்று. தோளில் வாளியுடன் அயல் வீட்டுக் கிணற்றுக்கு நடந்த ஒருவருக்கு, தார்ப்படையின் ஆயுளைப் பற்றி நாம் போதிப்பது எவ்வாறு?

சான் பிரான்சிஸ்கோவில், புதிதாக மேற்படை இட்ட வீதியை ஐந்தாண்டு காலத்துக்கு வெட்டலாகாது என்று விதி செய்தனர். தக்க காரணம் காட்டினால் விலக்கும் உண்டு. விதி நல்லதே. ஆயினும், அதனை ஓர் ஏழை ஊருக்குக் கொண்டுவருமுன் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். வீதி போடப்படுமுன்னரே இணைப்பைப் பெற்றவர் யார்? பணமும் செல்வாக்கும் உடையவர். இணைப்புக் கட்டணத்தை மாதந்தோறும் சேமித்து, வீதி போட்ட பின்னர் விண்ணப்பத்துடன் வருபவர் யார்? கூலி வேலை செய்பவர். அவரிடம், "வீதி புதியது; ஐந்தாண்டு பொறுத்திரும்" என்றால், பொதுச் சொத்தைப் பேணும் செலவை அவருடைய தாகத்தின்மேற் சுமத்தியவர்களாவோம். பிந்தி வருவோர் பெரும்பாலும் பிந்த வைக்கப்பட்டோரே. ஆகவே, வீதியின் நலனையும் நீரின் உரிமையையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தெரிவு செய்யும்படி எம்மைக் கேட்பது பொய்யான வினா. இரண்டும் ஒரே மக்களுடையவை.

மற்றொரு தவறான விடையையும் நீக்கிக்கொள்வோம். வீதி தாழ்ந்ததும் ஊரார் முதலில் ஏசுவது அகழி மூடிய தொழிலாளியையே. "ஒழுங்காய் இடிக்கேல்லை" என்பர். அலவாங்கும் மண்வெட்டியும் அவன் கையில் இருந்தமை உண்மை. தீர்மானம் அவன் கையில் இருக்கவில்லை. நாளொன்றுக்கு இத்தனை யார் என்று அளந்து கூலி கொடுத்தால், மெல்லிய படைகளாக இட்டு இறுக்குபவன் குறைந்த கூலியைப் பெறுவான். இறுக்கும் இயந்திரம் ஒன்றை நான்கு இடங்களுக்குப் பங்கிட்டால், மூன்று இடங்களில் அது இராது. மிகக் குறைந்த விலைக்கு வேலையை ஏற்றவர், மண்ணுக்குள் மறையும் பகுதியிலேதான் செலவைக் குறைப்பார். வெளியே தெரியும் தார்ப்பூச்சிலே குறைக்கமாட்டார். நன்றாகச் செய்தவன் நட்டமடையும்படி ஒழுங்கு செய்துவிட்டு, நன்றாகச் செய்யவில்லையென்று அவனையே குறைகூறுதல் நேர்மையன்று.

பொறுப்பு எவ்வளவு காலம் நீடிக்கவேண்டும் என்ற கேள்வியைப் பிரித்தானியர் சட்டத்தால் எதிர்கொண்டனர். பேராசிரியர் ஹோர்ன் தலைமையிலமைந்த குழு 1985ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின் வழியே, 1991ஆம் ஆண்டில் புதிய வீதிச் சட்டம் பிறந்தது. வெட்டிய நிறுவனமே வீதியை நிலையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். அதன் பின்னர் இரண்டாண்டுக்கு, அகழி ஆழமாயின் மூன்றாண்டுக்கு, குறை நேர்ந்தால் அந்நிறுவனமே திருத்துதல் வேண்டும் என்பது அங்கு நிலைபெற்ற ஒழுங்கு. "மூடினோம், போனோம்" என்ற நிலையிலிருந்து இது பெரிய முன்னேற்றமே. ஏனெனில், மழைக்காலம் ஒன்றைக் கடந்த பின்னரே நிரப்பின் உண்மைத் தரம் வெளிப்படும். ஆயினும் 26 ஆண்டு வாழக்கூடிய வீதி 18 ஆண்டிலே மாளுமாயின், அவ்விழப்பு வெளிப்படுவது உத்தரவாதக் காலம் முடிந்து பல்லாண்டுகளின் பின்னர் அன்றோ? பள்ளத்துக்கு உத்தரவாதம் உண்டு. குறைந்த வாழ்நாளுக்கு இல்லை.

இக்குறையை நிரப்புவதற்கே சான் பிரான்சிஸ்கோ 1998ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கைக்கொண்டது. வெட்டும் நிறுவனம், வெட்டிய பரப்புக்கு ஏற்ப ஒரு கட்டணத்தைச் செலுத்துதல் வேண்டும். வீதி எவ்வளவு புதியதோ அவ்வளவுக்குக் கட்டணம் அதிகம். இதன் அடிப்படையிலுள்ள அறக்கருத்து ஆழமானது. திருத்திய பின்னரும் ஒரு சேதம் எஞ்சுகின்றது. அதனைக் கண்ணாற் காண முடியாவிடினும் அதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை அது ஏற்றுக்கொள்கின்றது. எனினும் பணம் வாங்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. கட்டணம் செலுத்தியவன், தான் வெட்டும் உரிமையை விலைக்கு வாங்கியதாக எண்ணக்கூடும்; நட்டஈடு அனுமதிச்சீட்டாக மாறிவிடும். நிறுவனம் அச்செலவைப் பாவனையாளரின் பட்டியலிலே சேர்த்துவிடுமாயின், மீண்டும் அவ்வொழுங்கைப் பெண்ணே அதனைச் செலுத்துவார். ஆதலின், கட்டணம் எவரிடமிருந்து பெறப்படுகின்றது என்பதோடு, அது ஈற்றில் எவரைச் சென்றடைகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். திட்டமிடாமையால் நேர்ந்த வெட்டுக்குத் திட்டமிடாதவரே கொடுக்கட்டும். முதன்முறையாக நீர்பெறும் வீட்டுக்காக நேரும் வெட்டின் செலவை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ளட்டும்.

மீண்டும் மீண்டும் வெட்டாதிருக்கும் வழியை மனிதர் நீண்ட காலத்துக்கு முன்னரே கண்டனர். பாரிஸ் மாநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்கிராண்ட் அமைத்த பெரிய கழிவுநீர்ச் சுரங்கங்களிலே நீர்க்குழாய்களும் செல்கின்றன. பின்னர் தந்தி, தொலைபேசி வடங்களும் அவற்றினூடே இடப்பட்டன. இலண்டனில் 1861ஆம் ஆண்டில் கறிக் வீதியின் அடியிலும், 1869இல் திறக்கப்பட்ட ஹோல்போர்ன் மேம்பாலத்திலும் குழாய்களுக்கெனத் தனிச் சுரங்கவழிகள் அமைக்கப்பட்டன. யப்பான் 1963ஆம் ஆண்டில் இத்தகைய பொதுச் சுரங்கவழிகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அங்கெல்லாம் தொழிலாளி உள்ளே இறங்கிச் சென்று குழாயைத் திருத்துகின்றான். மேலே வீதி அமைதியாகக் கிடக்கின்றது.

இவை செல்வம் மிக்க பெருநகரங்களின் ஏற்பாடுகள். எமது சிற்றூர்களுக்கு இவை எட்டா என்று கூறலாம். சுரங்கம் எட்டாவிடினும் ஒழுங்கு எட்டாததன்று. முதலிற் குழாய், பின்னர் காபெற் என்ற முறைக்குப் பெருஞ்செலவு எதற்கு? வீதியை அமைக்கும்போதே, வீட்டிணைப்பு வரக்கூடிய இடங்களிற் குறுக்கே வெறுங்குழாய்களை இட்டு வைத்தால், பின்னாளிற் குழாயோ வடமோ அதனூடே செலுத்தலாம், மேற்படையைத் தொடவேண்டியதில்லை. குறுக்கு இணைப்புக்கு மண்ணின் அடியாலேயே துளையிடும் கருவிகளும் இன்று உள. வெட்டியே தீரவேண்டுமாயின், அகழியின் விளிம்புக்கு அப்பாலும் ஓரடியளவு மேற்படையை அகற்றி, தளர்ந்த பகுதியையும் இறுக்கிச் சேர்த்து மூடலாம். நிரப்பை மூடுமுன்னர் அளந்து பார்க்கலாம். எந்த இடத்தில் எவர் எப்போது வெட்டினார் என்பதை ஒரு வரைபடத்திற் குறித்து, மக்கள் பார்வைக்கு வைக்கலாம். பெருவீதி ஒரு நிறுவனத்திடமும், சிறு வீதி இன்னொன்றிடமும், நீர் வேறொன்றிடமும் இருப்பதனால் இவை நடைபெறவில்லையென்பர். நிறுவனங்கள் வெவ்வேறாக இருக்கலாம்; அவற்றுக்குச் செல்லும் வரிப்பணம் ஒரே மக்களின் கையிலிருந்தே செல்கின்றது.

எமது மாணவனின் வினாவுக்கு வருவோம். வெட்டியதிற் பிழையில்லை, நீர் வேண்டியிருந்தது. மூடியதிலும் பிழையில்லை, மூடத்தான் வேண்டும். மூடிய மேற்பரப்பைக் காட்டிப் பொறுப்பையும் மூடிக்கொண்டதிலேயே பிழை. ஒரு செயலின் விளைவு எவ்வளவு காலம் நீடிக்கின்றதோ, அவ்வளவு காலம் அதற்கான பொறுப்பும் நீடிக்கின்றது. விளைவு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நடைபெறுகின்றது என்பது அதனைக் குறைப்பதில்லை. அப்பொறுப்பைத் தனியொருவரால் தூக்க முடியாதென்பதும் உண்மை. அதனாலேயே அதனை எல்லோரும் சேர்ந்து தூக்குவதற்கான ஒழுங்கைக் கேட்பது எமது கடமையாகின்றது. வெட்டும்போது வேடிக்கை பார்த்துவிட்டு, வீதி உடைந்த பின்னர் ஏசும் நாமும் அக்கடமையைச் செய்யாதவர்களே.

அவ்வொழுங்கையின் கடைசி வீட்டுக்கும் இப்பொழுது குழாய்நீர் வருகின்றது. முதிய பெண் வாளி தூக்குவதில்லை. அவருடைய பேரன் அதே ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும் இடத்தில் துவிச்சக்கரவண்டியை விட்டிறங்கி, அதனைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தைக் கடக்கின்றான். பாட்டியின் சுமை இறங்கப் பேரனின் தோளில் இன்னொன்று ஏறவேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. கிரவல் போடுமுன்னர் இரண்டு நிறுவனத்தார் ஒருநாள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தால் அது போதுமாயிருந்தது. அடுத்த வீதி போடப்படுமுன்னராவது அவர்களை அங்கே அமரச் செய்வோம்.